குளத்தில் 1 கிலோமீட்டர் நீந்துபவர் கடலில் எவ்வளவு தூரம் போகலாம்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தில் நிற்காமல் 1 கிலோமீட்டர் நீந்துகிறீர்கள், அதற்கு 25 நிமிடம் ஆகிறது. அடுத்த மாதம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு வாரம் கடற்கரையில் தங்கப்போகிறீர்கள். தினமும் விடிகாலையில் கடலில் நீந்த ஆசை. இடுப்பில் கட்டி இழுத்துச்செல்லும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்றும் வாங்கிவிட்டீர்கள். மனைவி கரையிலிருந்து பார்த்துக்கொள்வார். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: பழக்கமில்லாத ஒரு கடலில், போனால் திரும்பி வந்துவிடலாம் என்பதைத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, அதற்கே பதில் சொல்கிறேன்.

18 வருடமாக நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கடலில்தான், உயிர்காப்பாளர்களுக்கான பயிற்சியும் உண்டு. நான் மருத்துவர் இல்லை. நீங்கள் போகும் கரையை நான் பார்த்ததும் இல்லை. அந்தக் கரையில் வேலை பார்க்கும் உயிர்காப்பாளர் சொல்வதும் நான் இங்கே எழுதுவதும் வேறுபட்டால், அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் அந்தத் தண்ணீரை நேற்றும் பார்த்தவர்.

முதலில் உங்கள் 1 கிலோமீட்டரைப் பார்ப்போம். 25 மீட்டர் குளத்தில் அந்தத் தூரத்துக்கு 39 முறை சுவரைத் தொட்டுத் திரும்புகிறீர்கள். ஒவ்வொரு முறையும் காலால் சுவரை உதைத்து நாலைந்து மீட்டர் வழுக்கிப் போவீர்கள். ஆக, 150 முதல் 200 மீட்டர் வரை சுவர் கொடுத்தது. திரும்பும் அந்த நொடியில் கைக்குச் சின்ன ஓய்வும் கிடைக்கிறது. கடலில் சுவர் இல்லை, அடியில் கறுப்புக் கோடு இல்லை. எங்கே போகிறோம் என்று பார்க்க அடிக்கடி தலையைத் தூக்க வேண்டும், தூக்கும்போதெல்லாம் இடுப்பு கீழே இறங்கும், வேகம் குறையும். மூச்சு வாங்கத் திரும்பும் பக்கம் அலை வந்து வாயில் அறையும். உப்புத்தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக மிதக்க வைக்கும் என்பது உண்மைதான். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். அந்த லாபத்தை அலை எளிதாகத் தின்றுவிடும். குளத்தில் நீந்துவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடலில் முதல் சில நாளுக்கு நீந்தச் சொல்வேன். இந்தப் பங்கு எந்த ஆய்விலிருந்தும் வந்ததல்ல. பலரைக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட அளவு.

தூரத்தைவிடப் பெரிய விஷயம் நீரோட்டம். அதிலும் ரிப் கரண்ட் என்று சொல்லும், கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் நீரோட்டம். இது எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதி சரியான இடத்தில் நிற்கும். அலைகள் வந்து உடையும்போது தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எங்காவது வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஒரு வாய்க்கால் இருந்தால் அதன் வழியே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கறுத்து, அமைதியாக, மேற்பரப்பு லேசாகச் சிலிர்த்துத் தெரியும். கலங்கிய மணலோ நுரையோ அந்தப் பட்டையில் கடலை நோக்கி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கவலை என்னவென்றால், கடல் தெரியாதவர் கண்ணுக்கு அதுதான் குளிக்க நல்ல இடமாகப் படும். அலை இல்லையே என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குவார்கள். கடலுக்குள் நீட்டிப் போடும் கல்லணை, பாலத்தூண் வரிசை, பாறை முனை ஆகியவற்றை ஒட்டியும் இதே மாதிரி நீரோட்டம் ஓடும். அவை எந்நாளும் அங்கேயே இருக்கும் என்பதால் அந்த இடங்களை முதலிலேயே விலக்கிவிடலாம். சில நீரோட்டங்கள் பெரிய அலைக் கூட்டம் வந்ததும் திடீரென்று தோன்றி, சில நிமிடத்தில் காணாமல் போகும். அவற்றைக் கரையிலிருந்து முன்கூட்டியே சொல்வது எனக்கும் கஷ்டம்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ரிப் கரண்ட் நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். உங்கள் குளத்து வேகம் நொடிக்கு 0.67 மீட்டர். ஆக, முழு மூச்சில் கரையை நோக்கி நீந்தினால் நிமிடத்துக்கு 10 மீட்டர்தான் முன்னேறுவீர்கள். நீரோட்டம் 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் நீந்த நீந்தவே பின்னால் போவீர்கள். நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் அளந்திருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஷான்லே 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலக சாதனை படைத்தார், அந்த வேகமே நொடிக்கு 2.16 மீட்டர்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், குளத்தில் 3 கிலோமீட்டர் அசராமல் போகிறவர், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோதே இப்படி ஓர் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டார். நான் மீட்புப் பலகையோடு போய்ச் சேரும்வரை நேராகக் கரையைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “கரையில் இருந்த குடையைக் குறி வைத்துத்தான் நீந்தினேன். அந்தக் குடை பெரிதாகவே இல்லை.” அவரிடம் பலம் இருந்தது. எந்தப் பக்கம் செலவழிப்பது என்று தெரியாமல் போனதுதான் பிரச்சினை.

இதில் உறுதியாகத் தெரிந்தவை சில. ரிப் கரண்ட் உங்களை வெளியே கொண்டுபோகும், அடியில் இழுக்காது. மேலே மிதந்துகொண்டிருக்கும் ஆளை அது மூழ்கடிப்பதில்லை. பதறி, எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதுதான் மூழ்கடிக்கிறது. ஆகவே முதல் வேலை மல்லாந்து மிதந்து மூச்சை நிலைக்குக் கொண்டுவருவது, அடுத்தது ஒரு கையை உயர்த்தி ஆட்டி உதவி கேட்பது. அதற்கு மேல் என்ன செய்வது என்பதில்தான் வல்லுநர்களிடையே விவாதம் நடந்திருக்கிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது பழைய பாடம். 2010ல் வந்த ஓர் ஆய்வில் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை ரிப் கரண்டில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கடலுக்குள் போய்விடாமல், வட்டமடித்து அலை உடையும் பகுதிக்கே திரும்பி வந்தன. அப்படியானால் சும்மா மிதந்தாலே போதுமே என்று ஒரு கருத்து எழுந்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவில் ஆட்களையே இறக்கிச் சோதித்தபோது, இரண்டில் எதுவும் எல்லா நேரமும் வேலை செய்யவில்லை. மிதந்தவர்களில் சிலர் வெளியே போனார்கள், பக்கவாட்டில் நீந்தியவர்களில் சிலர் சுழலின் எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மிதந்துகொண்டே எந்தப் பக்கம் அலை வெள்ளையாக உடைகிறது என்று பாருங்கள். அங்கேதான் மணல்திட்டு இருக்கும், ஆழம் குறைவு, அலையும் கரைப் பக்கம் தள்ளும். அந்தப் பக்கமாக நிதானமாக நீந்துங்கள். ஒரு நிமிடம் நீந்தியும் நகரவில்லை என்றால் நிறுத்தி மறுபடி மிதந்து, மறுபக்கம் முயலுங்கள். இதற்கு மல்லாந்து மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேகமாக நீந்தும் பலருக்கு அது வராது. ஊருக்குக் கிளம்பும் முன் குளத்தில் 10 நிமிடம், கை கால் அதிகம் அசைக்காமல் மிதந்து பழகுங்கள். அது வரவில்லை என்றால் கழுத்தளவு தண்ணீர் தாண்ட வேண்டாம்.

காற்றைப் பற்றி எல்லோரும் தப்பாகவே நினைக்கிறார்கள். கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று அலையைக் கிளப்பிப் பயமுறுத்தும். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று கரையோரத் தண்ணீரைத் தட்டையாக்கி, கண்ணாடி மாதிரி காட்டும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் நன்றாக நீந்துகிறோம் என்று தோன்றும். திரும்பும்போதுதான் அது முகத்தில் அடிக்கும். கரையில் நின்று முதுகில் காற்று படுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காற்றடைத்த படுக்கை, வாத்து, டியூப் எதையும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ஓர் ஆள் ஓடிப்பிடிக்க முடியாத வேகத்தில் போய்விடும்.

ஓதத்தைப் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலான கரைகளில் கடல் ஏறுவதற்கு ஆறேகால் மணி நேரம், வற்றுவதற்கும் அதே அளவு. நடுவில் இரண்டு மணி நேரம் தண்ணீர் மிக வேகமாக நகரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடல் வற்றும் நேரத்தில் இறங்கவே வேண்டாம்.

இப்போது விடிகாலைக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். பெரும்பாலான கரைகளில் அந்த நேரத்தில் உயிர்காப்பாளர் பணிக்கு வந்திருக்க மாட்டார். கொடி நட்டிருக்க மாட்டார்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது தண்ணீர் பளபளத்து, படகு ஓட்டுபவர் கண்ணுக்கு உங்கள் தலை தெரியாது. உங்களுக்கும் அந்தத் திசை தெரியாது. கடல் காலையில் அமைதியாக இருக்கும் என்பது பல இடங்களில் சரி. ஆனால் பார்ப்பதற்கு யாரும் இல்லை என்பதை அந்த அமைதி ஈடுகட்டாது. பணி நேரம் எப்போது தொடங்குகிறது என்று முதல் நாளே கேட்டு, அது தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் நீந்துங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும். கொடிகளில் மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி கண்காணிப்பில் உள்ளது, குளிப்பவர்களுக்கானது. முழுச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டமாக இருந்தால் அலைச்சறுக்குப் பலகை, படகு வகைகளுக்கான இடம். ஊதா, கொட்டும் கடலுயிர்கள் இருப்பதைச் சொல்வது. நாட்டுக்கு நாடு சில வேறுபாடுகள் உண்டு, அதனால் கரையில் இருக்கும் பலகையைப் படித்துவிடுங்கள்.

போன முதல் நாள் இறங்காமல் 15 நிமிடம் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். அமைதியான இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு இறங்கினால் அடுத்த கூட்டம் நடுத்தண்ணீரில் பிடிக்கும். அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, ஒரு நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தீர்கள் என்பதில் அன்றைய நீரோட்டம் தெரிந்துவிடும். முதலில் அந்த ஓட்டத்துக்கு எதிராக நீந்துங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவரும். கரையை விட்டு நேராக உள்ளே போகாதீர்கள், கரைக்கு இணையாக நீந்துங்கள். ‘எவ்வளவு தூரம்’ என்ற கேள்விக்கு என் பதில்: கால் ஊன்றினால் தரை தட்டும் ஆழம், அல்லது அதைவிட ஒரு படி வெளியே, அவ்வளவுதான். கரைக்கு இணையாக 300 மீட்டர் நீந்தினாலும் 300 மீட்டர்தான், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒரு முறை தலை தூக்கிப் பாருங்கள். முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் விலக ஆரம்பிப்பதை வைத்து நீங்கள் நகர்வதை உடனே கண்டுபிடிக்கலாம்.

மிதவை வாங்கியது நல்லது, கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள். அதன் முதல் பயன் நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்கும் கரைக்கும் காட்டுவது. இரண்டாவது, களைத்தால் நெஞ்சுக்குக் கீழே வைத்துப் பிடித்துக்கொள்வது. அது உயிர்காப்புச் சட்டை ஆகாது. மயங்கிவிட்டால் உங்கள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே அது வைத்திருக்காது. மிதவை இருக்கிறதே என்று 50 மீட்டர் கூடுதலாகப் போவதாக இருந்தால், அதனால் கிடைத்த பாதுகாப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடமாக இருந்தால் வேறு ஒரு ஆபத்தும் சேரும். சட்டென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் உடம்பு தன்னிச்சையாகப் பெருமூச்சு இழுக்கும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகலாம். முதல் அரை நிமிடம்தான் மோசம், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். குதிக்காமல், மெதுவாக நடந்து இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மூச்சு நிலைக்கு வந்தபின் நீந்துங்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும், நீந்தும்போது மூச்சுத் திணறல், விடாத இருமல், மார்பில் ‘கர்கர்’ என்ற சத்தம், எச்சிலில் ரத்தச் சாயல் வந்தால் உடனே வெளியே வந்து மருத்துவரைப் பாருங்கள். நீந்துபவர்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் ஒரு நிலை உண்டு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இறுக்கமான வெட் சூட் (குளிர் தாங்குவதற்கான ரப்பர் நீச்சலுடை) போடுபவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். களைப்பு என்று நினைத்துத் தொடர்ந்து நீந்துவதுதான் இதில் பெரிய தவறு. ஜெல்லிமீன் கொட்டினால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவுங்கள். வினிகர் சில இனங்களுக்கு உதவும், நீல பாட்டில் எனப்படும் இனத்துக்கு ஊற்றலாமா என்பதில் மருத்துவ வழிகாட்டிகளே ஒத்துப்போவதில்லை. அந்தக் கரையில் எது கொட்டும், என்ன செய்வார்கள் என்று உயிர்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி கரையிலிருந்து பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு குழந்தைகள் தண்ணீரோரம் விளையாடும்போது அவரால் உங்களைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. அமெரிக்க உயிர்காப்பாளர் பிரான்செஸ்கோ பியா 1970களில் இதைப் படம்பிடித்து விளக்கினார்: மூச்சுக்குத் திணறுபவரின் வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கைகள் தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், 20 முதல் 60 நொடிக்குள் மூழ்கிவிடுவார். பார்ப்பவருக்கு அது விளையாடுவது போலவே இருக்கும். ஆகவே குழந்தைகள் கை எட்டும் தூரத்தில், பெரியவர் ஒருவரின் முழுக் கவனத்தில், ஃபோன் பைக்குள். நீங்கள் நீந்தும் 20 நிமிடம் குழந்தைகள் தண்ணீரோரம் வராமல் அறையிலோ மணலில் தள்ளியோ இருக்கட்டும், அப்போதுதான் உங்கள் மீதும் ஒரு கண் இருக்கும். இன்னொன்றை மனைவியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், பேசக் கஷ்டமாக இருந்தாலும் பேசுங்கள். நீங்கள் சிக்கலில் மாட்டினால் அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும், அவசர எண்ணை அழைக்க வேண்டும், மிதக்கும் எதையாவது எறிய வேண்டும், கண்ணை உங்கள் மீதிருந்து எடுக்காமல் இடத்தைக் கையால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காப்பாற்றப் போனவர் மூழ்கி, முதலில் மாட்டியவர் தப்பிய நிகழ்வை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். குழந்தைகள் விஷயத்தில் நீங்களும் ஒரு மிதவை இல்லாமல் ஓடக் கூடாது, அந்த ஆரஞ்சுப் பை அப்போது கையில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் ஒரு நாளை முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள், இருவருமே. நீரில் மூழ்கியவருக்கு இதயம் நிற்பது காற்று கிடைக்காமல். அதனால் மார்பை அழுத்துவது மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும். அதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, பொம்மையின் மீது கை வைத்துச் செய்து பார்க்க வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் நாள் நின்று பார்த்ததை இங்கே எழுதுங்கள்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அலை எங்கெல்லாம் உடைகிறது, எங்கே உடையவில்லை, பக்கத்தில் கல்லணையோ முகத்துவாரமோ இருக்கிறதா. ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. நான் பார்த்துச் சொல்கிறேன். பதில் வர நேரமானால் அதற்குள் கரையில் இருப்பவரிடம் கேளுங்கள்.